பெட்ரோல் டேங்க் கதவு திறக்கவில்லையா? நெம்பாதீர்கள்

வட சென்னை திருவொற்றியூரில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். ராத்திரி வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று பாடியைத் தின்பதற்கு முன்னால், கண்ணில் படாத ஸ்பிரிங், கேபிள், லாக் பின் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. எங்கள் ஸ்டாண்டில் பெட்ரோல் டேங்க் கதவு ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளாத வண்டி கிடையாது. அதனால் இந்த ஒரு வேலை எனக்கு நன்றாகவே பழகிவிட்டது.

பங்க்கில் பின்னால் வரிசை நிற்கும், சவாரி உள்ளே உட்கார்ந்திருப்பார், லீவரை இழுத்தால் கதவு அசையாது. உடனே யாராவது சாவியையோ ஸ்க்ரூ டிரைவரையோ இடுக்கில் விட்டு நெம்ப வருவார்கள். விடாதீர்கள். பெயின்ட் பெயரும், தகடு வளையும், அப்புறம் லாக்கைச் சரிசெய்தாலும் கதவு பொருந்தி உட்காராது. சின்ன வேலை, டிங்கரிங், பெயின்டிங் என்று இழுத்துக்கொண்டு போகும். அத்தனை நாளும் வண்டி ஓடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான சின்ன வண்டிகளில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையோரமாக லீவர் இருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடி, பின்சீட்டைத் தாண்டி, டிக்கி ஓரமாகப் பெட்ரோல் ஊற்றும் குழிவரை போகிறது. கேபிள் நுனியில் விரல்நுனி அளவுக்கு ஒரு லாக் பின், அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். லீவரை இழுத்தால் பின் உள்ளே போகும். அந்த நேரத்தில் கதவின் உள்பக்கத்திலோ குழியின் ஓரத்திலோ இருக்கும் பட்டை ஸ்பிரிங் கதவை வெளியே தள்ளும். கதவைத் திறப்பது இந்தப் பட்டை ஸ்பிரிங்தான். லீவர் வழிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் கதவு திறக்காவிட்டால் எல்லோரும் லீவரைத்தான் இன்னும் பலமாக இழுக்கிறார்கள். நைந்துபோன கேபிள் அப்போதுதான் அறுகிறது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் மகள் சீட்டில் உட்காருவாள், நான் கதவோரம் நிற்பேன்.

"அப்பா, இழுக்கட்டுமா?"

"இழுத்துப் பிடிம்மா. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

லீவரை விட்டால் லாக் பின் மறுபடி வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். அவள் பிடித்திருக்கும்போதே கதவை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி எடுப்பேன். துருவில் ஒட்டிக்கிடக்கும் பின் அந்த அழுத்தலில் விடுபடும். பிறகு நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ மெல்ல விலக்கினால் போதும். இப்படித் திறந்துவிட்டால் கேபிள் நன்றாக இருக்கிறது, பட்டை ஸ்பிரிங்கோ கீலோ துருப்பிடித்த லாக் பின்னோதான் கோளாறு. பங்க்கிலும் இதே வழிதான். சவாரியிடம் கேட்டால் மறுக்காமல் லீவரைப் பிடிப்பார்.

திறக்கவில்லையா? லீவர் கைக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும். இழுக்கவே முடியாமல் இறுகிக் கிடந்தால் கேபிள் உறைக்குள் துரு, அல்லது பின் சிக்கியிருக்கிறது. இனி டிக்கி வழியாகத்தான் போக வேண்டும். பெட்ரோல் கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து டிக்கி அட்டையைப் பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்து விலக்குங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் குழியின் பின்புறமும் அதில் வந்து சேரும் கேபிளும் தெரியும். கேபிள் முனையைப் பிளேயரால் பிடித்து இழுத்தால் பின் உள்ளே போய்விடும், கதவு திறக்கும். பல வண்டிகளில் அந்த லாக் முனையையே கொஞ்சம் திருப்பினால் கையோடு வந்துவிடும். வரும்போது சுருள் ஸ்பிரிங் தெறித்து ஓடும். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

சரி, கதவு திறந்தாகிவிட்டது. இனி சீர்செய்வது.

பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பிளேயரால் வெளிப்பக்கமாகக் கொஞ்சமாக வளைத்துவிட்டால் போதும். ஒரேயடியாக வளைத்தால் துருப்பிடித்த இடத்தில் ஒடியும். ஒடிந்தேவிட்டால், அலமாரிக் கதவு இடிக்காமல் இருக்க ஒட்டுவார்களே, பின்னால் பசை உள்ள குமிழ் ரப்பர், அதில் ஒன்றைக் குழியின் விளிம்பில் லாக் பின் இருக்கும் பக்கம் ஒட்டுங்கள். கதவை மூடும்போது அமுங்கி, லாக் பின் விலகியதும் கதவைத் தள்ளிவிடும். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரப்பர் பெட்ரோல் பட்டால் உப்பிப்போகும், வேண்டாம். ஒட்டுமுன் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் மே மாத வெயிலில் பசை வழுக்கி இறங்கிவிடும்.

லாக் பின்னும் கீலும் இறுகியிருந்தால் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அது துருவை இளக்கி ஈரத்தை விரட்டும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கு மேல் சிலிக்கான் ஸ்ப்ரேயோ, விரல்நுனியில் தொட்ட அளவு வெள்ளை கிரீஸோ வைத்தால்தான் உப்புக் காற்றுக்குத் தாங்கும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ரோட்டுப் புழுதி அதில் படிந்து பிசினாகி, பின்னை முன்னைவிட மோசமாகப் பிடிக்கும்.

இன்னொன்றைப் பலர் பார்ப்பதே இல்லை. பெட்ரோல் ஊற்றும் குழியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, மழைத்தண்ணீர் வடிய. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி ஸ்பிரிங்கையும் பின்னையும் அரிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் பக்கத்து வண்டிகளில் இந்த ஓட்டையில் சேறு இறுகிக் கிடந்தது. விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை விட்டுக் குடைந்து, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது உள்ளே இருக்கும் மூடி இறுக்கமாகத் திருகியிருக்கட்டும். ஐப்பசி மழை பிடிக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

கேபிள் பெரும்பாலும் லீவர் பக்கம், முனையில் உள்ள குண்டு கழன்றுதான் போகிறது. நடுவில் அறுவது குறைவு. எலக்ட்ரிக் கடையில் ஒயர் இணைக்கும் கனெக்டர் பட்டை கேளுங்கள். வெள்ளை பிளாஸ்டிக்கை வெட்டி உரித்தால் உள்ளே இரண்டு ஸ்க்ரூ வைத்த பித்தளைக் குழல் இருக்கும். அதைக் கேபிள் முனையில் கோத்து, இரண்டு ஸ்க்ரூவையும் நன்றாக முறுக்கினால் அதுவே புதுக் குண்டு. வயர் நீளம் போதவில்லை என்றால் புதுக் கேபிள்தான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் வண்டி மாடல், வருடம் சொல்லி வாங்கலாம். கதவே உடைந்திருந்தால் புதுப்பேட்டையில் பழையது தேடலாம். பழைய கேபிளை உருவும் முன் அதன் நுனியில் ஒரு நைலான் கயிறு கட்டி உருவுங்கள். கயிறு அந்த வழியிலேயே தங்கும், புதுக் கேபிளை அதில் கட்டி இழுத்துவிடலாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது ஏர்பேக் லைன்.

கேபிள் வாங்கும்வரை வண்டி ஓட வேண்டுமே? காசிமேட்டில் கிடைக்கும் தடித்த தூண்டில் நரம்பை லாக் முனையில் கட்டி, நுனியை டிக்கிக்குள் விட்டுவையுங்கள். பெட்ரோல் போடும்போது டிக்கியைத் திறந்து இழுத்தால் ஆயிற்று.

லீவரே இல்லாமல் சென்ட்ரல் லாக்கோடு சேர்ந்து இயங்கும் கதவு என்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் டிக்கி அட்டைக்குப் பின்னால் அவசரத்துக்கு இழுக்க ஒரு கயிறு இருக்கும். மோட்டார் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எந்த வேலையானாலும் மூடி இறுக்கமாக இருக்கட்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, டிரில், கிரைண்டர் கிட்டவே வரக்கூடாது. வேலை முடிந்ததும் ஆசையாகக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே லீவரை இழுக்கச் சொல்லி, லாக் பின் முழுதாக உள்ளே போய் மறுபடி வெளியே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். நாலைந்து முறை தங்காமல் போய்வந்தால், அப்புறம் சாத்துங்கள்.