பேஜ் கரைசலின் வீரியம் குறையாமல் சேமிப்பது எப்படி?

மருந்துக்குக் கட்டுப்படாத பற்றீரியாத் தொற்றுகளை எதிர்க்க எடுத்துவைக்கும் பேஜ்களுக்கு, அதாவது பற்றீரியாக்களைத் தாக்கி அழிக்கும் வைரசுகளுக்கு, குளிர் மட்டும் போதாது. அந்தக் குளிர் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். மட்டக்களப்பின் வெக்கையிலும் மின்தடையிலும் இது எளிதன்று. பேஜ் வளர்க்கத் தெரிந்தவர்களுக்காக, அறுவடைக்குப் பிந்திய வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. கரைசலை மையநீக்கம் செய்து (வேகமாகச் சுழற்றிப் பற்றீரியாச் சிதைவுகளை அடியில் படியவைத்து), 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் வடிக்கவும். பேஜ்களை அதிகம் பிடித்துவைக்காத பொலிஈதர்சல்போன் வடிகட்டியே என் தெரிவு.

2. காய்ச்சி வடித்த வெறும் நீரில் சேமிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, பி.எச். அதிகம் மாறாமல் காக்கும் எஸ்.எம். தாங்கற்கரைசலைப் பாவியுங்கள். அதில் ஒரு லீற்றருக்கு 5.8 கிராம் சோடியம் குளோரைட்டு, 2 கிராம் நீரேறிய மக்னீசியம் சல்பேற்று, பி.எச். 7.5 உடைய 1 மோலார் டிரிஸ் 50 மில்லிலீற்றர், 2% ஜெலற்றின் 5 மில்லிலீற்றர் தேவை. பல பேஜ்களின் உறுதிக்கு மக்னீசியம் துணைநிற்பதால் அதைக் குறைக்காதீர்கள்.

3. ஒளி படாதவாறு 4 பாகை செல்சியசில் வைக்கவும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரோடு ஒட்டிய பேஜ் குழாய் உறைந்துபோகலாம். உறைதலின் சேதத்தைக் குறைக்கும் கிளிசரோல் இல்லாமல் உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் உயிர்ப்புள்ள பேஜ்கள் குறையக்கூடும். ஆகவே நடுத்தட்டில், நீர் நிரப்பிய போத்தலில் அமிழ்த்திய வெப்பமானிக்குப் பக்கத்தில் வையுங்கள். கதவுத்தட்டு வேண்டவே வேண்டாம். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்புவதானால், உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே ரெஜிபோம் பெட்டிக்குள் போடாமல், அதன் மேற்பரப்பு வியர்த்து, குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருந்து, பிறகு குழாயில் நேரடியாகப் படாதபடி துணியால் சுற்றி அடுக்க வேண்டும்.

நீண்டகாலச் சேமிப்புக்கு, 25% கிளிசரோல் கலந்து சிறு குழாய்களில் பிரித்து −80 பாகையில் வைக்கலாம். ஒரு குழாயை ஒருமுறை மட்டுமே உருக்குங்கள்.

4. பாவிக்குமுன் மீண்டும் எண்ணுங்கள். பத்து இலட்சம் மடங்கு ஐதாக்கியதில் 0.1 மில்லிலீற்றரை இரட்டை அகார் முறையில் (பற்றீரியாவுடன் மென்அகாரில் கலந்து அகார் தட்டின்மேல்) ஊற்றும்போது, பேஜ்கள் பற்றீரியாவை அழித்த 80 தெளிந்த வட்டங்கள் தோன்றினால், மூலக்கரைசலில் மில்லிலீற்றருக்கு 80 கோடி பேஜ்கள் உள்ளன. அடுத்த முறை அதே ஐதாக்கலில் 8 வட்டங்களே தெரிந்தால், 90% போய்விட்டது என்று கொள்ளுங்கள்.

இவை ஆய்வுகூடச் சேமிப்புக்கானவை. நோயாளிக்குச் செலுத்தும் தயாரிப்புக்கு அகநச்சு (பற்றீரியா சிதையும்போது வெளிவரும் நச்சு) நீக்கமும் வைத்தியரின் மேற்பார்வையும் உரிய அனுமதியும் அவசியம்.

பிற்சேர்க்கை: குளோரோபோம் சேர்க்கலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எஞ்சிய பற்றீரியாக்களை அது கொல்லும் என்றாலும், கொழுப்புறை கொண்ட பேஜ்களையும் செயலிழக்கச் செய்துவிடும். பொலிஸ்டைரீன் குழாயையும் கரைத்துவிடும். முதலில் சிறிதளவு கரைசலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் குளோரோபோம் சேர்த்து, மறுநாள் எண்ணிப் பார்த்த பின்னரே மீதிக்குச் சேருங்கள்.