"அங்க என்ன இருக்கு?" என்று கிளம்பும் மலைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் கூட்டம் மலைக்குக் கிளம்புவது பெரும்பாலும் ஒரு சமரசத்தில்தான் முடியும். முதலில் நினைத்த இடத்தில் அறை கிடைக்காது. ஒருவனுக்கு லீவு இரண்டே நாள், இன்னொருவன் கையில் காசு இல்லை. பேசிப் பேசி, யாருமே ஆசைப்படாத ஒரு சின்ன மலையில் வந்து நிற்கும். "அங்க என்னடா இருக்கு?" என்று ஒரு குரல் வரும். "சும்மா போய்ட்டு வருவோம்" என்று இன்னொன்று. எனக்கு மறக்காத பயணமும் அப்படிக் கிளம்பியதுதான். ஐந்து பேர், ஒரு கார், எதிர்பார்ப்பு சுத்தமாக இல்லை. அதில் நாங்கள் செய்த தவறுகளையும், மயிரிழையில் தப்பிய தவறுகளையும் சொல்கிறேன்.

முதல் தவறுதான் பெரியது. எதிர்பார்ப்பு இல்லாத இடத்துக்கு ஏற்பாடும் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். சின்ன மலைதானே, எதற்கு ஸ்வெட்டர்? ஆனால் ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 30 டிகிரி என்றால் 1500 மீட்டரில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். பகலில் அது சுகம். இரவில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் பல் கிட்டித்துவிடும். ஐந்து பேருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது இரண்டு ஸ்வெட்டர். காரின் சீட் கவரைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு தூங்கியவன் யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

போகிற இடத்தின் உயரத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 2500 மீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. அதற்கு மேலே மலை நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். சுமார் 3500 மீட்டரில் இருக்கும் லடாக்கின் லே போன்ற ஊருக்கு விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் ஓய்வெடுப்பது இதனால்தான். 3000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. நண்பர்களோடு போகும்போது இதில் இன்னொரு ஆபத்து உண்டு. "நம்மால எல்லாரும் திரும்பணுமா" என்று தலைவலியை மறைப்பவன் ஒருவனாவது இருப்பான். அவனைத் தோண்டித் துருவிக் கேளுங்கள். தலைவலி இருந்தால் மேலே ஏற வேண்டாம், கூடிக்கொண்டே போனால் இறங்கிவிட வேண்டும். அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

இணையத்தில் படித்த விமர்சனங்களை வைத்து இடத்தை எடைபோடுவது அடுத்த தவறு. எங்கள் மலைக்கும் "பார்க்க ஒன்றுமில்லை, வெறும் மேகம்" என்று எழுதி வைத்திருந்தார்கள். இப்படி எழுதுகிறவர்களில் பலர் மதியம் ஒரு மணிக்குப் போய் மூன்று மணிக்கு இறங்கியவர்களாக இருப்பார்கள். வெயில் ஏற ஏற மலைச் சரிவு சூடாகும், அதை ஒட்டிய காற்று மேலே எழும்பும், குளிர்ந்து மேகமாகும். ஆகவே காலையில் துல்லியமாகத் தெரிந்த சிகரம் மதியத்தில் காணாமல் போவது மலையில் வழக்கமான சங்கதி. இரவில் இது தலைகீழ். குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும், அங்கே பனிமூட்டம் கட்டும்.

எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பனிமூட்டம்தான். குளிரில் தூக்கம் வராமல் ஐந்தரைக்கே வெளியே வந்து நின்றோம். காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை, பால் ஊற்றி நிரப்பியதுபோல. அதற்கு நடுவே இரண்டு குன்றின் தலை மட்டும் தெரிந்தது. வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தவன்தான் முதலில் வாயை மூடினான். பத்து நிமிடம் இருக்கும். வெயில் பட்டதும் வெள்ளை கலைந்து, கீழே ரோடும் வயலும் தெரிந்துவிட்டது. நாங்கள் ஏழரைக்கு எழுந்திருந்தால் நாங்களும் "ஒன்றுமில்லை" என்றுதான் எழுதியிருப்போம்.

நடக்கப் போகிறீர்கள் என்றால் தூரத்தை மட்டும் பார்த்து நேரம் போடாதீர்கள். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல நடைக்காரர்களுக்கான கணக்கு. அரட்டை, போட்டோ, செருப்பு அறுந்தது எல்லாம் தனி. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள்; பாவம், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயத்தில் விளையாட்டு கூடாது. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது தற்கொலை. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். வாந்தி வருபவரைப் பின் சீட்டில் போனோடு உட்கார வைக்காதீர்கள். காது அசைவை உணர, கண் அசையாத திரையைப் பார்க்க, அந்தக் குழப்பம்தான் குமட்டலாகிறது. முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும்.

எதிர்பார்ப்பு குறைவாக இருப்பது நல்லதுதான். 2014-ல் லண்டனில் உள்ள யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், செல்போன் விளையாட்டு வழியாக 18,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, நினைத்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்ததா என்பதுதான் அந்த நேரத்து மகிழ்ச்சியைத் தீர்மானித்தது. ஆனால் எதிர்பார்ப்புக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது; நல்லது வரப்போகிறது என்ற நினைப்பே கொஞ்சம் சந்தோஷம் தருமாம். ஆகவே உங்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவன் ஆசையில் மண்ணள்ளிப் போடாதீர்கள்.

கடைசித் தவறு, திரும்பி வந்த பிறகு செய்தது. பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லிச் சொல்லி, அடுத்த ஆண்டு புதிதாக இருவரைச் சேர்த்துக்கொண்டு அதே மலைக்குப் போனோம். இந்த முறை ஆளுக்கொரு ஸ்வெட்டர், அலாரம், எல்லாம் பக்கா. மூன்று நாளும் விடியற்காலையில் ஏழு பேர் வரிசையாக நின்றோம். நாங்கள் நின்ற இடமே மேகத்துக்குள் இருந்தது. புதியவர்களைவிட எங்கள் ஐவரின் முகம்தான் தொங்கிப்போயிருந்தது. பிடித்துப்போன மலைக்கு இன்னொரு நண்பரை அழைத்துப் போனால் குளிரைச் சொல்லுங்கள், வளைவுகளைச் சொல்லுங்கள், சீட் கவர் கதையைக்கூடச் சொல்லுங்கள். மேகத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.