தோற்கப் பழக்கும் பல்லாங்குழி

என் பேரனுக்கு ஏழு வயது. தோற்றால் புளியங்கொட்டைகளை வாரி இறைத்துவிடுவான். குனிந்து பொறுக்குவது என் இடுப்பு! அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

14 குழி, குழிக்கு ஐந்து காய், மொத்தம் 70. வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காதீர்கள், பிள்ளைகள் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். முதல் ஆட்டத்தில் அவன் 25 காய்தான் எடுத்தான் என்றால், அடுத்ததில் அந்தக் காய்களால் அவன் பக்கத்து ஏழில் ஐந்து குழிகளே நிரம்பும்; இரண்டு காலி. உதடு பிதுங்குவது இங்கேதான். "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். பரவாயில்லை என்றால் அவன் ஏன் அழப்போகிறான்? "இரண்டு குழி போனது கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மூக்கை உறிஞ்சி முடித்ததும், "மீதி ஐந்தில் எதை எடுத்தால் பசு கிடைக்கும்?" என்று கேளுங்கள். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் பசு. எண்ணத் தொடங்கினால் அழுகை நின்றுவிடும்.

அவன் ஜெயிக்கும் நாளில் பலகையைத் திருப்பி வையுங்கள். உங்கள் காலிக் குழிகளோடு அவன் இரண்டு முறை ஆடட்டும்.

போன வாரம் தங்கையிடம், "உனக்கு ஒரு குழிக்குக் காய் கடன் தரட்டுமா?" என்றான். எங்கள் வீட்டு விதியில் அதற்கு இடமில்லை. நான் வாயே திறக்கவில்லை.