ஐரோப்பாவில் சிறு நீர்மின் நிலையத்துக்கு அனுமதி வாங்க

புது அணைக்காக மல்லுக்கட்டாதீர்கள். கைவிடப்பட்ட மாவு ஆலையின் தடுப்பணையைத் தேடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

முதலில் நீரோட்டம். ஆண்டுச் சராசரியை நம்பிக் கணக்குப் போடுவதுதான் வழக்கமான சறுக்கல். பல ஆண்டுத் தினசரி அளவுகளை எடுங்கள். மீன்களுக்காக ஆற்றில் விட வேண்டிய நீரைக் கழியுங்கள். மீதி நொடிக்கு 2 கன மீட்டர், வீழ்ச்சி (நீர் விழும் உயரம்) 3 மீட்டர், செயல்திறன் 80% என்றால்: 9.81 (புவியீர்ப்பு முடுக்கம்) × 2 × 3 × 0.8, அதாவது சுமார் 47 கிலோவாட்.

ஆற்றின் நிலை கெடக்கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர்க் கட்டமைப்பு ஆணை. விதிவிலக்கு 4(7) பிரிவில் இருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆணை இத்தகைய நிலையங்களை மேலோங்கிய பொதுநலனாகக் கருதச் சொல்கிறது. அதை மட்டும் காட்டினால் கோப்பு திரும்பி வரும். பாதிப்பைக் குறைத்ததையும், இதைவிட நல்ல மாற்று வழி இல்லை என்பதையும் தனியே நிறுவ வேண்டும்.

விலாங்கு மீன் உள்ள ஆறென்றால், மீன் டர்பைனுக்குள் போகாமல் தடுக்கும் சல்லடைக் கம்பிகளின் இடைவெளி 15–20 மி.மீ. அளவுக்குக் குறுகும். இலை அடைத்தால் வீழ்ச்சி குறைந்து மின்சாரமும் குறையும். எனவே தானாக வாரும் இயந்திரச் சீப்பையும் செலவில் சேருங்கள். டர்பைன் தயாரிப்பாளரை வரைபட நிலையிலேயே அழையுங்கள். அதே ஆற்றின் மற்ற ஆலைக்காரர்களோடு சேர்ந்தால் மீன் ஆய்வை ஒன்றாகச் செய்து செலவைப் பகிரலாம்.