கடலோர வீட்டில் ஒரு ராக் தொகுப்பைக் கேட்கும் முறை

ஹார்டு ராக் இசைக்குப் புதியவர் ஒருவருக்கு, கன்ஸ் அன் ரோஸஸ் குழுவின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு நல்ல நுழைவாயில்தான். எனினும் பதினான்கு பாடல்களையும் வந்த வரிசையிலேயே ஓடவிட்டால், அந்தக் குழுவைப் பற்றிப் பாதி தவறான எண்ணமே மிஞ்சும். கீழக்கரையில் சபராளி (வெளிநாட்டில் வேலை செய்து ஊர் திரும்புபவர்) ஒருவரின் பெட்டியில் வந்த குறுந்தட்டாக இருந்தாலும், ராமேஸ்வரம் பாசஞ்சரில் கைபேசி வழியாகக் கேட்பதாக இருந்தாலும், முறை ஒன்றே.

முதலில் இதன் பிறப்பை அறிந்துகொள்வது நல்லது. குழுவின் புதிய ஆல்பம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருந்த நிலையில் (அது 2008-இல்தான் வந்தது), ஜெஃபன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 2004 மார்ச்சில் இத்தொகுப்பை வெளியிட்டது. பாடகர் ஆக்ஸல் ரோஸும், அப்போது அவரை விட்டுப் பிரிந்திருந்த கிதார் கலைஞர் ஸ்லாஷும் பேஸ் கலைஞர் டஃப் மெக்கேகனும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்து, வெளியீட்டைத் தடுக்க வழக்குத் தொடுத்தனர், பலிக்கவில்லை. ஆகவே இந்தத் தேர்வு குழுவினுடையது அன்று, நிறுவனத்தினுடையது என்பதை நினைவில் வைத்தே கேட்க வேண்டும்.

அடுத்து, கரைவலையில் ஏறியதை இனம் பிரிப்பதுபோல், பாடல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 5, 10, 12, 13, 14 ஆகிய ஐந்தும் பிறருடைய பாடல்களை இக்குழு மறுபடி பாடியவை. ஐந்தாவது பாப் டிலனுடையது. பத்தாவது பால் மெக்கார்ட்னியின் குழு 1973-இல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகப் பாடியது. கடைசிப் பாடல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினுடையது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவல் சரக்கு என்பது, ‘சிறந்தவை’ என்று விற்கப்படும் தொகுப்புக்குச் சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த ஐந்தையும் முதல் முறை கேட்கும்போது ஒதுக்கிவிடலாம்.

மீதமுள்ள ஒன்பதைக் கால வரிசையில் அடுக்க வேண்டும். 1, 2, 4 ஆகியவை 1987-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு உரியவை. 3 அதற்கு அடுத்த ஆண்டைச் சேர்ந்தது. அதில் டிரம்ஸே கிடையாது, சீழ்க்கையும் மின்சாரமில்லாத கிதார்களும் மட்டுமே. 6 முதன்முதலில் 1990-இல் வெளியானது. 7, 8, 9, 11 ஆகியவை 1991-இன் இரட்டை வெளியீட்டைச் சேர்ந்தவை. கைபேசியில் கேட்பவர் ஷஃபிளை அணைத்துவிட்டு, இந்த வரிசையில் ஒரு பிளேலிஸ்ட் அமைத்துக்கொள்ளலாம்.

இப்போது பாடகரின் குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். நான்காம் பாட்டையும் ஏழாம் பாட்டையும் அடுத்தடுத்துப் போட வேண்டும். நான்காவதில் வாசிப்பவர் ஸ்டீவன் ஆட்லர். அவருடைய தாளம் சற்றே தளர்ந்து, துள்ளிக்கொண்டு போகும், பாட்டின் முடிவில் வேகம் இரட்டிப்பாகும்போதும் அந்தத் துள்ளல் போகாது. ஏழாவது டிரம்ஸோடுதான் தொடங்குகிறது. அங்கே வாசிப்பவர் மேட் சோரம், அடி ஒவ்வொன்றும் நேராகவும் கனமாகவும் விழும். ஆட்லர் 1990-இல் நீக்கப்பட்டார். இந்தத் தொகுப்பில் அவர் கடைசியாக வாசித்தது ஆறாம் பாட்டு. ஒரே குழு ஏன் 1987-இல் தெருச்சண்டைபோலவும் 1991-இல் அரங்க விழாபோலவும் ஒலிக்கிறது என்பதற்கு, இந்த ஆள் மாற்றமே பெரிய காரணம் என்பது என் கருத்து. பிறகு ஒன்பதாம் பாட்டுக்கு வாருங்கள். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீளும் அது, முடிந்துவிட்டதுபோல் அடங்கிய பின் பியானோவோடு மீண்டும் எழும். அந்த இடத்தில் பொறுமையிழந்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடக் கூடாது.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மண்டபம், பாம்பன் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இவற்றைக் கேட்பதில் பயனில்லை. காற்றின் இரைச்சலும் தாழ்ந்த ஒலியாகவே இருப்பதால், அது முதலில் விழுங்குவது பேஸ் கிதாரைத்தான். தென்கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, காதை முழுதாக மூடும் ஹெட்போனில் கேளுங்கள். ஒலியைக் கூட்டி இரைச்சலை வெல்லப் பார்ப்பது காதுக்குக் கேடு.

குறுந்தட்டாக வைத்திருப்பவருக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை. தட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் காக்கும் பலரும் படம் அச்சிட்ட மேற்பக்கத்தை அலட்சியம் செய்கின்றனர். உண்மையில் அலுமினியப் படலம் இருப்பது அந்த மேற்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய அரக்குப்பூச்சின் காப்பில்தான். அங்கே கீறல் விழுந்தால் உப்பு ஈரம் புகுந்து அலுமினியத்தை அரித்துவிடும். தட்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகளாக வெளிச்சம் தெரியும். அத்தகைய தட்டைச் சரிசெய்ய வழியில்லை, பழைய கடையில் வாங்கும்போதே இப்படிப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். நல்ல தட்டை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்.

இவ்வளவும் முடித்தவர் அடுத்துக் கேட்க வேண்டியது, 1987-இல் வந்த அந்த முதல் ஆல்பமான ‘அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’. அதிலுள்ள பன்னிரண்டு பாடல்களில் மூன்றைத்தான் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். மற்ற ஒன்பதில் கடைசியாக வரும் பாட்டிலிருந்து தொடங்கலாம்.