குடும்ப நல நீதிமன்றத்தில் உங்கள் தரப்பை நீங்களே சொல்ல: ஜீவனாம்ச வழக்குக்கு ஒரு செய்முறை

1984-ஆம் வருடத்துக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. இந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது; நீதிமன்றம் அனுமதித்தால்தான் வைக்கலாம் என்கிறது அது. நடைமுறையில் மனு போட்டால் அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் வழக்காடுபவரே வந்து பேச வேண்டும் என்ற எண்ணத்தில் உருவான நீதிமன்றம் இது. அங்கே போய் வக்கீலின் முதுகுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நிற்பது உங்களுக்குத்தான் நஷ்டம்.

"மாசம் எவ்வளவும்மா செலவாகுது?" என்று நீதிபதி கேட்கும்போது, "ரொம்ப கஷ்டங்கய்யா" என்று சொன்னால் அந்தப் பதிலை வைத்து அவரால் ஒரு தொகையை எழுத முடியாது. எனவே வேலை வீட்டிலேயே தொடங்குகிறது.

படி 1: ஒரே ஒரு தாள்

ஒரு பக்கம் தேதிகள்: திருமணம், குழந்தைகள் பிறப்பு, பிரிந்த நாள், கடைசியாகப் பணம் வந்த நாள், அன்று வந்த தொகை. மறுபக்கம் மாதக் கணக்கு. மாதிரிக்கு: வாடகை 8,000, மளிகை, பால், காய்கறி 7,500, பள்ளிக் கட்டணம் 3,000, மருந்து 1,200, மின்சாரமும் கேஸும் 1,300, பஸ் செலவு 1,000. மொத்தம் 22,000 ரூபாய். பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 36,000 என்றால் பன்னிரண்டால் வகுத்து எழுதுங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரசீது இணைத்து வையுங்கள்.

உங்களுக்கு 9,000 வருமானம் இருந்தால் அதையும் எழுதுங்கள். மறைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாக (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் பத்திரம்) தாக்கல் செய்ய வேண்டும். தையல் வேலையில் வரும் பணத்தை ஒளித்து, அது எதிர் வக்கீல் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் நம்ப மாட்டார்கள். "எனக்கு ஒன்பதாயிரம் வருது, பதிமூவாயிரம் குறையுது" என்று சொல்வதே பலம். அந்தப் பதிமூவாயிரத்தைக் கேட்கும் தொகையின் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பின் சம்பளமும் வாழ்க்கை வசதியும் கூடுதலாக இருந்தால் அதற்கேற்பக் கேட்கலாம்.

படி 2: பெயர் கூப்பிடும்போது அங்கே இருங்கள்

வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதி தெரியும். அன்று காலை 10 மணிக்கே போய்விடுங்கள். தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்தில் பெயரைக் கூப்பிட்டு, ஆஜராகவில்லை என்று எழுதிவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம், அல்லது ஒருதலைப்பட்சமாகப் போகலாம். தவறவிட்டது தெரிந்ததும் கோர்ட் கலைவதற்குள் பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லுங்கள். திரும்பக் கூப்பிடச் சொல்லி நீதிபதியிடம் கேளுங்கள். ஜீவனாம்ச வழக்கில் ஒருதலைப்பட்ச உத்தரவு வந்துவிட்டால், அதை நீக்கக் கோர மூன்று மாத அவகாசம் உண்டு.

படி 3: கவுன்சிலிங்

சமரசத்துக்கு முயல்வது இந்த நீதிமன்றத்தின் கடமை. வீட்டில் அடி உதை இருந்திருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லி, "ஒரே அறையில உட்கார முடியாது, தனியா பேசணும்" என்று கேளுங்கள். இங்கே கொட்டித் தீர்ப்பது சாட்சியம் ஆகாது. "அன்னிக்கே சொன்னேனே" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. ஆனால் போடும் கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தும். சேர்ந்து வாழ்வதற்கோ ஒரு தொகைக்கோ ஒப்புக்கொள்ளும் தாளை அன்றே நீட்டினால், "படிச்சுப் பார்க்க ஒரு வாய்தா வேணும்" என்று சொல்வது குற்றமில்லை.

படி 4: நீதிபதி முன்

மூன்று வாக்கியம் போதும். யார், என்ன நிலை, என்ன வேண்டும். "ஐயா, நான் மனுதாரர். பதினோரு மாசமா பணம் வரலை, ரெண்டு பிள்ளைங்க என்கிட்ட இருக்காங்க. இடைக்கால ஜீவனாம்சம் பதிமூவாயிரம் கேட்டிருக்கேன்." பெண் நீதிபதி என்றால் "அம்மா". மாமியார் சொன்னது, நாத்தனார் செய்தது எல்லாம் சாட்சியத்தின்போது சொல்ல வேண்டியவை.

வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனால் எத்தனையாவது வாய்தா என்பதைச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் கையில் நோட்டீஸ் சேர்ந்த (சார்வான) நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்பது சட்டம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144). எதிர் வக்கீல் பொய் சொல்வதுபோல் பட்டாலும் நடுவில் பாயாதீர்கள். அவர் முடித்ததும் "ஒரு நிமிஷம் சொல்ல அனுமதி வேணும்" என்றால் போதும். கூட்டத்தின் நடுவே சொல்லக் கூசும் விஷயம் என்றால், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கும்படி கேட்க குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.

படி 5: கூண்டில்

முதல் விசாரணை, அதாவது உங்கள் தரப்பில் நீங்கள் சொல்லும் சாட்சியம், பெரும்பாலும் எழுத்தில் பிரமாண வாக்குமூலமாகத்தான் தாக்கலாகும். அது ஆங்கிலத்தில் இருந்தால் வரி வரியாகத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். குறுக்கு விசாரணையில் கேள்விகள் அதிலிருந்துதான் வரும்.

தலையாட்டினால் பதிவாகாது, வாயால் சொல்லுங்கள். "தெரியாது", "ஞாபகமில்லை", "இல்லை" மூன்றும் வேறு வேறு பதில்கள். நடக்காத ஒன்றுக்கு "ஞாபகமில்லை" என்றால், நடந்திருக்கலாம் என்று வாதிட இடம் கொடுத்துவிடுவீர்கள். "நீங்களாகவே வீட்டைவிட்டு வெளியேறினீர்கள் என்றால் சரிதானே?" என்பது போன்ற கேள்வியில்தான் பலர் பழக்கதோஷத்தில் "ஆமா, ஆனா..." என்று தொடங்குகிறார்கள். அந்த "ஆமா" மட்டும் பதிவில் நின்றுவிடும். "சரியல்ல" என்று முதலில் சொல்லிவிட்டு, "அடிச்சதால வெளிய வந்தேன்" என்று சேருங்கள். முடிந்ததும் தட்டச்சானதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால் கையெழுத்துக்கு முன்பே நீதிபதியிடம் சொல்ல வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. இலவச வக்கீலானாலும் உங்கள் தாளின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 6: உத்தரவுக்குப் பிறகு

சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். விவாகரத்துத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய குடும்ப நல நீதிமன்றச் சட்டப்படி 30 நாள்தான். 144-ஆம் பிரிவின் ஜீவனாம்ச உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை, உத்தரவு சரிதானா என்று பார்க்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட வேண்டும். பணம் வராமல் நின்றால் "தருவாங்க" என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மாதத் தொகையையும், அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் வாரன்ட் மூலம் வசூலிக்க முடியும். எந்தெந்த மாதம் வரவில்லை என்று பாஸ்புக்கைப் பார்த்து அதே தாளின் அடியில் எழுதிக்கொண்டே வாருங்கள்.