ஷட்டர் ரிமோட் வேலை செய்யவில்லையா? புது ரிமோட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார் ஷெட் ஷட்டர் ரிமோட்டுக்கு அசையவில்லை என்றதும் பலரும் முதலில் புது ரிமோட்டின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். மதுரையில் திருப்பாலை, நாகமலை புதுக்கோட்டை எனப் புது வீடுகள் எழும்பும் பக்கமெல்லாம் மோட்டார் ஷட்டர் வந்துவிட்டது. அதைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைப்பதுதான் இன்னும் வரவில்லை. பழுது ரிமோட்டிலா, அதன் சிக்னலை வாங்கி மோட்டாரை இயக்கும் ரிசீவரிலா, மோட்டாரிலா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு சின்ன ஸ்குரூடிரைவரும், இருந்தால் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

முதல் படி: சுவர் சுவிட்ச்

ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஏற்ற, நிறுத்த, இறக்க என மூன்று பொத்தான்கள் உள்ள சுவிட்ச் இருக்கும். அதை அழுத்துங்கள். ஷட்டர் ஏறினால் மோட்டாரில் கோளாறு இல்லை. நேரே இரண்டாம் படிக்குப் போகலாம்.

ஏறவில்லை என்றால் ரிமோட்டின் மீது பழி போட வேண்டாம். மின்பலகையில் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஓர் ஏமாற்று உண்டு: விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டே இருக்கும், கரன்ட் போனதே தெரியாது, ஷட்டர் மோட்டார் மட்டும் அந்த இணைப்பில் இருக்காது. பிள்ளைகள் விளையாட்டாக நாலைந்து முறை ஏற்றி இறக்கியிருந்தாலும் மோட்டார் சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு அதை நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே சரியாகும். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெபாசிட்டர் போயிருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதால் நீங்கள் தொட வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அதுவரை கார் உள்ளே மாட்டிக்கொண்டதே என்றால், பக்கவாட்டு மோட்டார் ஷட்டர்களில் கைச்சங்கிலி தொங்கும். மெயினை அணைத்துவிட்டு அதை இழுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: இன்னொரு ரிமோட்

ஷட்டர் பொருத்தும்போது பெரும்பாலும் இரண்டு ரிமோட் தருவார்கள். பீரோவில் தூங்கும் இரண்டாவதை எடுத்து அழுத்துங்கள். அது வேலை செய்தால் குறை முதல் ரிமோட்டில். இரண்டுமே செய்யவில்லை என்றால் ரிசீவரைச் சந்தேகிக்கலாம். ஆனால் பீரோவில் கிடந்ததன் செல்லும் தீர்ந்திருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மூன்றாம் படி: செல்

பெரும்பாலான வீடுகளில் விடை இங்கேதான் இருக்கிறது. 'சிவப்பு விளக்கு எரிகிறதே, செல் நன்றாகத்தானே இருக்கிறது?' என்று வாதாடுவார்கள். அந்தச் சிவப்பு விளக்குக்கு 2 வோல்ட் சொச்சம் போதும். அலைவரிசையை ரிசீவர் வரை அனுப்ப அது போதாது. விளக்கு மங்கலாக எரிவதும், ஷட்டருக்கு ஒட்டி நின்றால் மட்டும் வேலை செய்வதும் செல் சோர்ந்ததன் அடையாளங்கள்.

டிவி ரிமோட்டைச் சோதிப்பது போல செல்போன் கேமரா முன் பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை. டிவி ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் இயங்குகிறது, ஷட்டர் ரிமோட் ரேடியோ அலையில் இயங்குகிறது. கேமராவுக்கு அது தெரியாது.

மூடியைத் திறந்து செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 27ஏ, 23ஏ இரண்டும் 12 வோல்ட்தான், நீளமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 27ஏ 8 மில்லிமீட்டர் பருமன், 23ஏ 10 மில்லிமீட்டர். ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஒழுங்காக உட்காராது. சில ரிமோட்களில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்டச் செல் இருக்கும். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போகிறவர்கள் பழைய செல்லைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது. மல்டிமீட்டரில் புதிய 12 வோல்ட் செல் 12-க்கும் சற்று மேலேயே காட்டும். 10-க்குக் கீழே வந்துவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். அந்தச் செல்லுக்குள் 1.5 வோல்ட் பொத்தான் செல்கள் எட்டு அடுக்கியிருக்கும், ஒன்று தளர்ந்தாலும் மொத்தமும் தளரும்.

மாற்றும்போது தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுங்கள். சாய்ந்துபோன ஸ்பிரிங்கை லேசாக நிமிர்த்துங்கள்.

நான்காம் படி: பூட்டுப் படம்

நான்கு பொத்தான் ரிமோட்களில் ஒன்றில் பூட்டுப் படம் இருக்கும். சட்டைப் பையிலேயே அது அழுந்தியிருந்தால் சில மாடல்களில் மற்ற பொத்தான்கள் வேலை செய்யாது. அதையே மறுபடி அழுத்தியும், நிறுத்தும் பொத்தானை அழுத்தியும் பாருங்கள்.

ஐந்தாம் படி: ரிசீவர்

புது செல் போட்டும் அருகில் மட்டுமே வேலை செய்கிறதா? ரிசீவரிலிருந்து தொங்கும் மெல்லிய கம்பியைப் பாருங்கள், அதுதான் ஆன்டெனா. 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்களில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் இருக்கும். பெயின்ட் அடித்தவர்களோ எலியோ அதை வெட்டியிருக்கலாம். சமீபத்தில் பக்கத்தில் மாட்டிய எல்.இ.டி. விளக்கையோ கேமரா அடாப்டரையோ அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். மலிவான அடாப்டர்கள் ரேடியோ அலையில் இரைச்சல் கிளப்பி ரிமோட்டின் சிக்னலைக் கெடுக்கும்.

எதுவும் இல்லை என்றால் ரிமோட்டை ரிசீவருக்குத் திரும்ப அறிமுகப்படுத்த வேண்டும். ரிசீவரில் உள்ள சின்னப் பொத்தானைத் தட்டினால் ஒரு விளக்கு எரியும். அது எரியும்போதே ரிமோட்டை இரண்டு முறை அழுத்தினால் விளக்கு மினுக்கி அணையும். மாடலுக்கு மாடல் சற்று மாறும், கையேட்டைப் பாருங்கள். இரண்டு எச்சரிக்கைகள். அந்தப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் பல ரிசீவர்களில் பதிவான எல்லா ரிமோட்களும் அழிந்துவிடும். அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் முனைகள் திறந்திருந்தால் கையை விடாதீர்கள், எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வழியில்லை என்றால் புது ரிமோட் வாங்குங்கள். 'எதையும் காப்பி எடுக்கும்' என்று விற்கும் மலிவு ரிமோட்கள் மாறாக் குறியீட்டு ரிமோட்களுக்கே சரிவரும். ஒவ்வோர் அழுத்தலிலும் குறியீட்டை மாற்றும் வகைக்கு, அதே வகை ரிமோட்டை வாங்கி ரிசீவரில் பதிய வேண்டும். பழைய ரிமோட் பழுதாகாமல் தொலைந்துபோயிருந்தால் மட்டும், கண்டெடுத்தவர் அதை வைத்து ஷட்டரைத் திறக்காதபடி, நான் மேலே பயமுறுத்திய அந்த முழு அழிப்பை வேண்டுமென்றே செய்யுங்கள். பிறகு வீட்டிலுள்ள ரிமோட்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதியுங்கள்.